9 நாளில் 7 குட்டிகள்: கொயோட்டிக்குப் பொறி வைப்பதா, வேறு வழி இருக்கிறதா?

லானோ வெள்ளாடு (டெக்சாஸ்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக இந்த இணைய மன்றத்தில் வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

டெக்சாஸில் லானோ ஊருக்கு வடக்கே 28 ஏக்கர் வாங்கி வெள்ளாடு வளர்க்கிறோம். போயரும் ஸ்பானிஷும் கலந்த 36 தாய் ஆடுகள், ஒரு கிடாய். பிப்ரவரி முதல் வாரம் ஈற்று தொடங்கியது. முதல் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு குட்டிகள் காணாமல் போக ஆரம்பித்தன. 9 நாளில் 7 போய்விட்டன. ஐந்துக்கு எலும்புகூடக் கிடைக்கவில்லை.

நேற்று விடியலில் ஒரு தாய் ஆடு வேலியோரம் நின்று கத்திக்கொண்டே இருந்தது. மடி கட்டிப் பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இருபது அடி தள்ளி, கருவேலம் போலிருக்கும் மெஸ்கீட் மரத்தடியில் அதன் குட்டி கிடந்தது. பொழுது சாயும் வரை அந்த ஆடு அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர் காட்டினாலும் குடிக்கவில்லை.

இரவில் கொயோட்டி ஊளை கேட்கிறது. நம் ஊர் நரியைவிடச் சற்றுப் பெரிய, நாய் இனத்துக் காட்டு விலங்கு அது. பத்து, பதினைந்து இருக்கும் போலத் தோன்றுகிறது. பக்கத்து நிலத்துக்காரர் உடனே பொறி வை என்கிறார். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் தயக்கம்தான். ஆனால் இன்னும் 11 ஆடுகள் ஈன வேண்டியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கான்சோ கரை (சான் ஆஞ்சலோ) எழுதியது:

தம்பி, உங்கள் நிலை புரிகிறது. 14 ஆண்டுகளாக ஆட்டோடு கிடக்கிறேன். மடி கட்டி நிற்கிற தாயைப் பார்ப்பது எந்த ஆண்டும் பழகிப்போவதில்லை.

ஆனால் பொறி வாங்க இப்போதே ஓடாதீர்கள். கொன்றது யார் என்று முதலில் தெரிய வேண்டும். இந்தப் பக்கம் குட்டிக்கு எதிரி கொயோட்டி மட்டுமில்லை. பக்கத்து வீட்டு நாய், பாப்கேட் என்னும் காட்டுப்பூனை, காட்டுப்பன்றி, கறுப்புப் பிணந்தின்னிக் கழுகு எல்லாமே குட்டியைத் தூக்கும். ஆடு ஈன்றுகொண்டிருக்கும்போதே அந்தக் கழுகு குட்டியின் கண்ணைக் கொத்தும்.

அந்தக் குட்டியைப் புதைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாக இருக்கும். செத்துக் கிடந்ததை வந்து தின்றிருந்தால் ரத்தம் கட்டாது. கொயோட்டி தாடைக்குக் கீழே குரல்வளையைக் கவ்வும். மேல் கோரைப்பற்கள் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் இருக்கும். விலாவுக்குப் பின்னால் வயிற்றைக் கிழித்துத் தின்னத் தொடங்கும். நாய் அப்படியில்லை. தொடை, காது, வால் என்று கண்ட இடத்தில் குதறிப் போட்டுவிட்டுப் போகும், பெரும்பாலும் தின்னாது. நாலைந்து ஆடுகள் காயத்தோடு நின்றால் நாயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

காலடித் தடத்தையும் பாருங்கள். கொயோட்டியின் தடம் நீள்வட்டமாக, நடு விரல் நகங்கள் இரண்டும் நெருங்கி, நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போகும். நாயின் தடம் அகன்று, அங்குமிங்கும் அலையும்.

ஊளையைக் கேட்டு எண்ணிக்கை போடாதீர்கள். இரண்டு கொயோட்டிகள் குரலை மாற்றி மாற்றி எழுப்பினால் பத்து கத்துவது போலத்தான் கேட்கும்.

லரேடோ கால்நடை மருத்துவர் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கையுறை போடாமல் உரிக்காதீர்கள். கொன்றது எதுவானாலும் அதன் எச்சில் அந்தக் காயத்தில் இருக்கிறது.

வெறிநோய் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1988இல் தெற்கு டெக்சாஸில் ஸ்டார் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பக்கம் கொயோட்டிகளிடம் நாய்வகை வெறிநோய் பரவியது. அவற்றிடமிருந்து வீட்டு நாய்களுக்கு வந்தது. 1995 முதல் விமானத்தில் தடுப்பு மருந்துப் பொட்டலங்களைத் தூவினார்கள். மீன் தூள் பூசிய சிறு உறை. கொயோட்டி அதைக் கடித்தால் உள்ளே இருக்கும் மருந்து வாயில் இறங்கும். 2004க்குப் பிறகு அந்த வகை இங்கே காணப்படவில்லை. 2007இல் நாய்வகை வெறிநோய் அமெரிக்காவில் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். விலங்குகளைச் சுட்டு ஒழிக்காமல், காட்டு விலங்கின் வாய்க்கே மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்து ஒரு கொள்ளைநோயை நிறுத்தினார்கள். இந்த வேலையில் நான் வியக்கிற சில காரியங்களில் அது ஒன்று.

ஆனால் ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு), வௌவால் வகை வெறிநோய்கள் இன்னும் உண்டு. பட்டப்பகலில் தள்ளாடி, மனிதரைக் கண்டு ஓடாத கொயோட்டி எதையும் நெருங்காதீர்கள். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி தவறக் கூடாது.

லானோ வெள்ளாடு எழுதியது:

கையுறை போட்டுக்கொண்டு உரித்தேன். வெளியே பார்த்தால் கழுத்தில் மயிர் கொஞ்சம் நனைந்து ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். தோலை விலக்கியதும் தாடைக்குக் கீழே நான்கு துளைகள். சுற்றிலும் நாவல்பழச் சாறு ஊறினாற்போல ரத்தம் கட்டியிருந்தது. இடது விலாவுக்குப் பின்னால் திறந்து ஈரலையும் குடலையும் தின்றிருக்கிறது. வயிற்றில் பால் தயிராகத் திரண்டிருந்தது. கடைசியாக ஒரு முறை நன்றாகக் குடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலியைச் சுற்றி நடந்தேன். வடமேற்கு மூலையில், ஓடை கடக்கிற இடத்தில் வலைக்கம்பிக்கு அடியில் ஒரு பள்ளம். என் தோள் நுழையாது, தலை நுழையும். அடிக்கம்பியில் சாம்பலும் செம்பழுப்புமாக மயிர்க்கற்றை சிக்கியிருந்தது. தடம் நீள்வட்டம்தான்.

கண்ணியும் வேலியும் (ஓக்லஹோமா) எழுதியது:

அப்படியானால் சந்தேகமே இல்லை, கொயோட்டிதான். வழியையும் அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. கொயோட்டிக்கு வேலியைத் தாண்டத் தெரியும். ஆனாலும் முடிந்தவரை அடியில்தான் நுழையும், நுழைந்த பள்ளத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்.

அந்தப் பள்ளத்தில் கம்பிக் கண்ணி வைப்பதுதான் நேரான வழி. அந்த வழியாக வருவது பெரும்பாலும் கொல்லுகிற விலங்காகத்தான் இருக்கும். ஊருக்கே பொறி வைக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஆடோ நாயோ அந்த மூலைக்குப் போகக் கூடாது. உள்பக்கம் தற்காலிக வேலி போட்டு அந்த மூலையை அடைத்துவிடுங்கள்.

கால்பொறி என்றால் பொறுமை வேண்டும். புதுப் பொறியின் எண்ணெய் வாசம் போகும்வரை வேகவைத்து, சாயமிட்டு, மெழுகு பூசுவார்கள். பொறியைப் புதைத்த மண் சல்லடையில் சலித்ததாக இருக்க வேண்டும். ஒரு சிறு கல் தாடைக்குள் சிக்கினாலும் பொறி மூடாது. பொறி மண்ணுக்குள் ஆடக் கூடாது. காலடியில் அசைந்தால் கொயோட்டி அதைத் தோண்டி எடுத்துக் கவிழ்த்துவிட்டுப் போகும், அதன் பிறகு அந்த வகைப் பொறியில் அதைப் பிடிப்பது கடினம். இரண்டு தாடைகளுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, தடித்த விளிம்பு வைத்த பொறியையே வாங்குங்கள். எலும்பு நொறுங்குவது குறையும். மிதிதட்டை இறுக்கி வைத்தால் முயல் போன்ற சிறு விலங்குகள் மிதித்தால் பெரும்பாலும் விழாது.

இன்னொன்று. பொறி வைத்தவன் தினமும் விடியலில் போய்ப் பார்க்க வேண்டும். மழையானாலும் காய்ச்சலானாலும் போக வேண்டும். அது முடியாதவர் பொறி வைக்கவே கூடாது. சிக்கிய விலங்கை வெயிலில் ஒரு பகல் முழுக்க நிறுத்துவது பாவம்.

மலையோரம் (கொலராடோ) எழுதியது:

எனக்கு இதில் கருத்து வேறுபாடு உண்டு. காட்டுயிர் படித்தவள் என்பதால் மட்டுமல்ல, ஏழு ஆண்டுகளாக நானும் செம்மறி வைத்திருக்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்கா கொயோட்டியைக் கொன்றுகொண்டே இருக்கிறது. 1915 முதல் அரசே கூலிக்கு வேட்டைக்காரர் வைத்தது. 1931இல் அதற்கென்றே சட்டம் வந்தது. இன்றும் வேளாண்மைத் துறை ஆண்டுதோறும் 50,000க்கும் மேற்பட்ட கொயோட்டிகளைக் கொல்கிறது. தனியார் கணக்கு வேறு. விளைவு என்ன? ஒரு காலத்தில் பெரும்பாலும் மேற்கின் புல்வெளிகளிலும் வறண்ட நிலங்களிலும் இருந்த விலங்கு இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது, தெற்கே பனாமா வரை போய்விட்டது. ஓநாயைத் துடைத்தெடுத்தோம், அந்த வெற்றிடத்தில் இது வந்து உட்கார்ந்தது.

ஜோடி உடைந்தால் இடம் காலியாகிறது. அடுத்த ஆண்டு ஊர் சுற்றும் இளசுகள் வந்து குடியேறுகின்றன. ஆண்டுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல், அதுவும் பல ஆண்டுகள் தொடர்ந்து கொன்றால்தான் மொத்த எண்ணிக்கை நிலையாகக் குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 28 ஏக்கரில் யாரால் அது முடியும்?

உங்கள் நிலத்தில் ஆட்டைத் தொடாத ஒரு ஜோடி இருந்தால் அதைவிட நல்ல காவல் கிடையாது. அது வேறு கொயோட்டியை உள்ளே விடாது. கலிபோர்னியாவில் மரின் கவுண்டி 2000இல் அரசு வேட்டைக்காரரை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை வேலிக்கும் காவல் நாய்க்கும் கொடுத்தது. அங்கே இன்றும் ஆடு மேய்கிறது.

கண்ணியும் வேலியும் எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்லும் வரலாற்றை நான் மறுக்கவில்லை. இனத்தையே ஒழிக்கப் போகிறேன் என்று நான் எங்கேயும் சொல்லவுமில்லை. ஆட்டைத் தொடாத ஜோடி என்றீர்கள். இவருடைய நிலத்தில் இருப்பது ஆட்டை ஏழு முறை தொட்ட ஜோடி. குட்டியின் ருசி கண்டது அதை மறக்காது. அதைத் தன் குட்டிகளுக்கும் கற்றுக்கொடுக்கும். 11 ஆடுகள் ஈன வேண்டியிருக்கும்போது இரண்டு வருடம் கழித்துக் காவலுக்குத் தயாராகும் நாயைப் பற்றிப் பேசுவது, வீடு எரியும்போது கிணறு வெட்டச் சொல்வது.

மலையோரம் எழுதியது:

அது நியாயமான பேச்சு. நானும் ஒரு இடத்தில் இறங்கி வருகிறேன். ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் அந்த எல்லைக்கு உரிய, இனப்பெருக்கம் செய்யும் ஜோடிதான், கண்டதெல்லாம் அல்ல என்று ஆய்வுகளும் சொல்கின்றன. எனவே அந்தப் பள்ளத்தில் மட்டும், அந்த விலங்குக்கு மட்டும் கண்ணி வைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். நான் எதிர்ப்பது, ஒரு குட்டி போனதும் துப்பாக்கியோடு வண்டியில் ஏறிக் கண்ணில் பட்டதையெல்லாம் சுடும் வழக்கத்தை. அதில் கொன்றவனும் சாவதில்லை, கொல்லாதவனும் மிஞ்சுவதில்லை.

ஆனால் பள்ளத்தை மூடாமல் கண்ணி மட்டும் வைத்தால், அடுத்த ஆண்டும் இதே இழையில் இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள்.

புதியவன் (ஆஸ்டின்) எழுதியது:

நானும் 10 ஏக்கர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கேள்விகள். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா? கடையில் ஒருவர், இறைச்சியில் மருந்து வைத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும் என்றார். அது சரிதானா?

கான்சோ கரை எழுதியது:

முதல் கேள்வி. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. முறையாக வழங்கப்பட்ட வேட்டை உரிமம் கையில் இருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. டெக்சாஸ் உரிமம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். செப்டம்பர் 1 அன்று புதுப்பிக்க மறந்துவிட்டுத் துப்பாக்கியை அலமாரியில் வைத்திருந்தால் அதுவே குற்றமாகலாம். உங்கள் குடியேற்ற விண்ணப்பமே சிக்கிக்கொள்ளும். ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் தொடாதீர்கள். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. 10 ஏக்கரும் அதற்குக் குறைந்ததுமான மனைகளில் சுடுவதைக் கவுண்டியே தடுக்கலாம், அதையும் விசாரியுங்கள்.

டெக்சாஸில் கொயோட்டிக்கு வேட்டைக் காலம், எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை. உரிமம் வேண்டும். கால்நடையைத் தாக்கிக்கொண்டிருக்கிற, அல்லது அண்மையில் தாக்கிய கொயோட்டியைக் கொல்ல உரிமம் தேவையில்லை.

இரண்டாவது கேள்விக்குக் கோபமில்லாமல் பதில் எழுத முயல்கிறேன். விஷம் வைக்காதீர்கள். இந்த நாடு ஸ்ட்ரிக்னைன், தாலியம், 1080 என்று நஞ்சுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தது. கழுகும் நாயும் செத்துக் குவிந்தபின், 1972இல் அதிபர் நிக்சன் அரசு நிலங்களில் அதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. எம்44 என்று, கொயோட்டிக்காக மண்ணில் நட்டு வைக்கும் ஒரு சயனைடுக் குழாய். 2017 மார்ச்சில் ஐடஹோவின் போகடெல்லோவில், வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் நடந்துபோன 14 வயதுப் பையன் அது தண்ணீர் தெளிக்கும் குழாய் என்று நினைத்துத் தொட்டுவிட்டான். அவன் பிழைத்தான், அவனுடைய நாய் அவன் கண்முன்னே செத்தது. பயிற்சி பெற்ற அரசு ஆட்கள் வைத்தது அது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு நீங்கள் வைப்பது எங்கே போய் முடியும் என்று யோசியுங்கள்.

வெள்ளகோவில் மேய்ச்சல் (திருப்பூர் மாவட்டம்) எழுதியது:

அண்ணன்மார் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் கடித்துக் குதறுவது தெருநாய்தான். கான்சோ ஐயா சொன்ன அடையாளம் அப்படியே பொருந்துகிறது: தொடையும் காதும் கிழிந்து கிடக்கும், தின்னாது. முதலில் எல்லோரும் நரி என்றார்கள். இங்கே நரிக்குப் பொறி வைக்கலாமா? ராஜபாளையம் நாய் காவலுக்கு ஆகுமா?

மலையோரம் எழுதியது:

தம்பி, கூடவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைப் பிடிப்பதும் கொல்வதும் அங்கே குற்றம். உங்கள் ஆட்டை நாய்தான் கடிக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், நரியை விட்டுவிடுங்கள். சேதமானதைப் படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கி வையுங்கள். இழப்பீடு கேட்க அதுதான் கைகொடுக்கும்.

ராஜபாளையம் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய். மந்தைக் காவல் நாயின் குணம் வேறு. அது அவ்வளவாகத் துரத்தாது. ஆட்டுக்கும் எதிரிக்கும் நடுவே போய் நின்றுகொள்ளும். கிரேட் பிரனீஸ், அனடோலியன், அக்பாஷ் எல்லாம் அந்த வகை. எட்டு வாரக் குட்டியாகவே ஆட்டுப்பட்டியில் விட வேண்டும். ஆட்டின் மணமே அதற்கு வீட்டு மணமாக வேண்டும். 18 முதல் 24 மாதம் வரை அதுவும் குழந்தைதான்.

என் முதல் நாய் விஷயத்தில் நான் தவறு செய்தேன். ஒரு வயதில் அதைப் புதிதாக ஈன்ற ஆடுகளோடு தனியே விட்டேன். விளையாட்டாக ஒரு குட்டியைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிட்டது. அதைக் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். நான் கொடுக்கவில்லை. இன்னும் எட்டு மாதத்துக்கு, வயது முதிர்ந்த செம்மறிகளோடு மட்டும் வைத்தேன். முட்டவரும் கிழட்டுச் செம்மறி கற்பிக்கும் மரியாதையை மனிதரால் கற்பிக்க முடியாது. இன்று அது மந்தையில் இருக்கிற இரவில் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

கண்ணியும் வேலியும் எழுதியது:

நாய் வந்தபின் அந்தப் பட்டியில் கண்ணி கூடாது, இதைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இரண்டும் ஒரே நிலத்தில் ஆகாது.

உடனடித் துணைக்குக் கழுதை வாங்கலாம். ஒரே ஒரு பெண் கழுதை, அல்லது காயடித்த ஆண். இரண்டாக வாங்கினால் ஒன்றுக்கொன்று துணை என்று ஆட்டை மறந்துவிடும். ஆட்டுத் தீவன மூட்டையில் மொனென்சின் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்தக்கழிச்சலுக்காக ஆட்டுக்குக் கலக்கிற அந்த மருந்து கழுதையைக் கொன்றுவிடும்.

லானோ வெள்ளாடு எழுதியது (ஏப்ரல் இரண்டாம் வாரம்):

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அன்றிரவே ஈன வேண்டிய ஆடுகளைக் கொட்டகைக்குப் பக்கத்தில் மின்வேலிக்குள் கொண்டுவந்தேன். மூலையை உள்பக்கம் அடைத்துவிட்டு, கண்ணியும் வேலியும் அண்ணன் தொலைபேசியில் சொல்லச் சொல்லப் பள்ளத்தில் கண்ணி வைத்தேன். இருபது நாள் ஒன்றும் இல்லை. தினமும் விடியலில் போய்ப் பார்த்தேன். மார்ச் கடைசியில் ஒரு காலை சிக்கியிருந்தது. பெண். நான் போனபோது உயிர் இல்லை. ஊளையை வைத்துப் பெரிய விலங்காக நினைத்திருந்தேன். தூக்கியபோது பன்னிரண்டு கிலோகூட இருக்காது. வயிற்றில் மயிர் உதிர்ந்து, காம்புகள் பால் கட்டி நின்றன.

அன்று முழுதும் என்னால் சாப்பிட முடியவில்லை. பிப்ரவரியில் வேலியோரம் நின்ற என் ஆட்டின் மடிதான் கண்ணில் நின்றது. மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தோளில் கை வைத்தாள். வளை எங்கே என்று இரண்டு நாள் ஓடையோரம் தேடினேன், கிடைக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு ஒரு குட்டியும் போகவில்லை. செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு முறை செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். அதனால் கண்ணியை எடுத்துவிட்டேன். வேலி முழுக்க வெளிப்பக்கம் தரையோடு படுக்கும்படி இரண்டடி வலை விரித்துக் கல் வைத்திருக்கிறேன். அடியில் தோண்ட வந்தால் வலைமேல்தான் நிற்க வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெளியே ஒரு மின்கம்பி. ஓடை கடக்கும் இடத்தில் தனிக் கதவு, வெள்ளம் வந்தால் தூக்கிக்கொள்ளும். அடுத்த ஈற்று முழுக்கக் கொட்டகைப் பக்கம்தான்.

சென்ற ஞாயிறு இரண்டு பிரனீஸ் குட்டிகள் வந்தன, ஒன்பது வாரம். நேற்று மாலை பார்த்தபோது ஒன்று தீவனத் தொட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கிழட்டு ஆடு ஒன்று அதைக் கொம்பால் மெதுவாக வெளியே தள்ளிவிட்டுத் தின்னத் தொடங்கியது.

மலையோரம் அக்கா, ஒரு சந்தேகம். முதல் மாதம் இரவில் அவற்றைப் பட்டியிலேயே விடலாமா, அல்லது பக்கத்தில் தனி அடைப்பு போட வேண்டுமா?

மலையோரம் எழுதியது:

தனி அடைப்பு, ஆனால் பட்டிக்கு நடுவிலேயே. நாய்க்குட்டி நுழையும், ஆடு நுழையாது என்கிற அளவில் ஒரு சந்து விடுங்கள். ஆடு முட்ட வந்தால் ஓடி ஒளிய ஒரு இடம் வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள் தூக்கிப்போக ஆசைப்படுவார்கள். அவர்கள் பட்டிக்கு வந்து கொஞ்சட்டும். அந்தப் பெண் கொயோட்டியைப் பற்றி நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி, தம்பி.